ஒரே பெட்டிக்குள் எல்லாச் சர்வரும்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் வீரபாண்டிப் பிரிவைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகள் பலவற்றில், தையல் பகுதியின் இரைச்சலையும் பேக்கிங் பகுதியின் பரபரப்பையும் கடந்து ஆபீஸ் அறைக்குள் சென்றால், மாடிப்படிக்கு அடியிலோ, பழைய ஃபைல்கள் அடுக்கிய ஒரு மூலையிலோ, கண்ணாடிக் கதவு போட்ட சிறு தடுப்புக்குள் நான்கைந்து சர்வர்கள் முனகிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஒன்றில் டேலிக் கணக்கு. ஒன்றில் நூல் வாங்கியது முதல் ஷிப்மெண்ட் போனது வரை பார்க்கும் இ.ஆர்.பி.; ஒன்றில் மெர்ச்சண்டைசர்களின் ஸ்டைல் படங்களும் பையர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தும்; ஒன்றில் தொழிலாளர் வருகைப் பதிவும் சம்பளமும். தனித்தனியே வாங்கப்பட்டு, தனித்தனியே பழையதாகி, ஒவ்வொன்றும் தன் திறனில் சிறு பங்கை மாத்திரம் செலவிட்டுக்கொண்டு நாள் முழுதும் மின்சாரம் உண்ணும் இந்தப் பெட்டிகளை ஒன்றிரண்டு பெரிய யந்திரங்களுக்குள் மெய்நிகர் சர்வர்களாகக் குடியேற்றி, ஸ்டோரேஜையும் பொதுவாக்கி, முடிந்தால் ஊழியர்களின் மேஜைக் கணினிகளையும் அதற்குள்ளேயே இழுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்த யோசனையோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் கொட்டேஷன் தாளில் ஏறி வந்து முதலாளியின் மேஜையில் உட்கார்ந்துவிடுகின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவற்றை விசாரித்துவிடுவது நல்லது.

“இது நேற்று முளைத்த வித்தை, நம் தொழிலை வைத்துச் சோதித்துப் பார்க்கக் கூடாது.”

இந்தப் பயத்தை நெடுநேரம் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே கணினியைப் பல கணினிகள்போல் நடந்துகொள்ளச் செய்யும் முறையை ஐ.பி.எம். 1960-களிலேயே தன் ஆய்வுக்கூடத்தில் கண்டு, 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் வெளியிட்டுவிட்டது. அதைச் சாமானியச் சர்வர்களுக்குக் கொண்டுவந்த வி.எம்.வேர் நிறுவனம் 1998-இல் பிறந்தது. லினக்ஸின் கருவிலேயே கே.வி.எம். 2007-இல் சேர்ந்தது, மைக்ரோசாப்ட்டின் ஹைப்பர்-வி அதற்கடுத்த ஆண்டு வந்தது. வித்தையின் வயதைப் பற்றிக் கவலைப்படுவோர், அந்த நேரத்தைத் தங்கள் யு.பி.எஸ். பாட்டரியின் வயதை விசாரிப்பதில் செலவிட்டால் அதிகப் பிரயோஜனம் உண்டு.

“நான்கு சர்வர் ஒன்றானால், நான்கு தொல்லையும் ஒன்றாகிவிடும்.”

எண்ணிக்கையில் ஒன்றாகிவிடும் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த ஒன்றின் கனம் வேறு. இதை வெளியூர்க்காரனுக்கு விளக்குவது சிரமம். வீரபாண்டிக்காரருக்கு விளக்கவே தேவையில்லை, ஏனென்றால் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்ற ஏற்பாட்டை அவர் கண்ணாரக் கண்டவர். சாயப்பட்டறை ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நிலையம் கட்டுவதைவிடப் பல பட்டறைகள் சேர்ந்து ஒன்றைக் கட்டினால் செலவு குறைகிறது, நிர்வாகம் ஒழுங்காகிறது. ஆனால் அந்த நிலையம் நின்றுபோனால் அதில் குழாய் சேர்த்த பட்டறைகள் அத்தனையும் அன்றைக்கே நின்றுபோகின்றன. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, இந்த வட்டாரத்துத் தொழில் முழுவதும் ஒரே குழாயின் முனையில் எப்படித் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை எல்லோரும் பார்த்தோம். பொதுவாக்கப்பட்ட சர்வரின் தர்மமும் அதுவே. முன்னெல்லாம் வருகைப் பதிவுச் சர்வர் படுத்தால் டைம் ஆபீசில் மாத்திரம் முணுமுணுப்பு எழும். இப்போது பெட்டி படுத்தால் கணக்கும், இ.ஆர்.பி.யும், மெர்ச்சண்டைசர்களின் படங்களும் ஏககாலத்தில் மறைந்துபோகின்றன. ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் எடுத்தாக வேண்டியிருப்பதால், பில் போட வழியில்லாமல் தூத்துக்குடிக்குப் போகவேண்டிய வண்டி கேட்டிலேயே நிற்கும்.

ஆகவே இரண்டு பெட்டிகள் வேண்டும் என்ற முடிவுக்குப் பெரும்பாலோர் வந்துவிடுகிறார்கள். இங்கேதான் கணக்குத் தவறுகிறது. பெட்டி ஒன்றுக்கு 128 ஜி.பி. நினைவகம் என்றால், இரண்டுக்கும் 256 இருக்கிறதே என்று எண்ணி அத்தனையையும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஒன்று விழும் நாளில் மற்றொன்று தன் சுமையோடு விழுந்ததன் சுமையையும் தாங்க வேண்டும் என்பதே உத்தேசமானால், பங்கிடத்தக்கது 128-இலிருந்து அடிப்படை மென்பொருளுக்குப் பத்து ஜி.பி. கழித்து மீதமுள்ள 118 மட்டுமே. பிராசசரின் விஷயம் இவ்வளவு கண்டிப்பானதன்று. எல்லா மெய்நிகர் சர்வர்களும் ஒரே கணத்தில் கணக்குப் போடுவதில்லையாதலால், ஒரு கோரை நான்கு பேருக்குக் கொடுத்தாலும் சாதாரண ஆபீஸ் வேலை ஓடிவிடும். நினைவகத்தில் அந்தத் தாராளம் செல்லாது. கொடுத்ததை ஒருவன் பிடித்துக்கொண்டானானால் திருப்பிப் பிடுங்குவது கஷ்டம்.

“ஸ்டோரேஜ் என்பது எத்தனை டி.பி. என்ற கேள்வி.”

இந்த நம்பிக்கையைப்போல் பணத்தையும் நிம்மதியையும் ஒருங்கே கெடுத்தது வேறொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம். நூலை எத்தனை கிலோ என்று மட்டும் கேட்டு வாங்கும் நிட்டிங் முதலாளி இந்த ஊரில் இல்லை. கவுண்ட் என்ன, கோம்டா கார்டடா என்று கேட்காமல் அவர் பணம் எடுக்கமாட்டார். அதே மனிதர் ஸ்டோரேஜ் வாங்கும்போது கொள்ளளவை மாத்திரம் கேட்டுத் திருப்தியடைகிறார். கேட்க வேண்டிய மற்றொரு எண், நொடிக்கு எத்தனை தடவை படிக்கவும் எழுதவும் அதனால் முடியும் என்பது.

கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் தடவை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 140 செயல்கள் செய்யும்; எட்டு டிஸ்க்குகள் சேர்ந்தால் 1120. அவற்றை ரெய்டு 5 என்ற முறையில் கட்டினால், ஒரு தடவை எழுதுவதற்குப் பழைய தகவலைப் படித்து, பழைய சரிபார்ப்பு எண்ணைப் படித்து, புதியவை இரண்டையும் எழுதி, ஆக நான்கு செயல்கள் செலவாகின்றன. வேலையில் பாதி படிப்பும் பாதி எழுத்துமாக இருந்தால் கைக்குக் கிடைப்பது 448 மட்டுமே. ரெய்டு 10 ஆகக் கட்டினால் கொள்ளளவு பாதியாகக் குறையும், ஆனால் வேகம் 746 வரை வரும். இனி, நாற்பது ஊழியர்களின் மேஜைக் கணினிகளை இதற்குள் வைத்திருக்கிறோம் என்று கொள்வோம். வேலை நடக்கும் நேரத்தில் ஆளுக்குப் பத்து என்று 400 போதும். கொட்டேஷன் கொடுத்தவர் காட்டுவதும் இந்த எண்ணைத்தான். ஆனால் காலை ஒன்பது மணிக்கு நாற்பது பேரும் வந்து உட்கார்ந்து ஒருசேரத் தொடங்கும்போது, ஆளுக்கு ஐம்பது என்று அடக்கமாக வைத்தாலும் 2000 வேண்டியிருக்கிறது. அந்த அரை மணி நேரம் ஊழியர்களின் திரைகள் உறைந்து நிற்பதோடு போகாமல், அதே டிஸ்க்குகளில் குடியிருக்கும் இ.ஆர்.பி.யும் கட்டிங்குக்குத் துணி வழங்கும் சீட்டைக்கூட அச்சிடாமல் திகைத்து நிற்கும், குற்றம் இ.ஆர்.பி. செய்தவரின் தலையில் விழும்.

எஸ்.எஸ்.டி. போட்டால் இந்தத் தொல்லை தீரும். அவை நொடிக்குப் பல்லாயிரம் செயல்கள் செய்பவை. ஆயினும் வீட்டுக் கணினிக்காக விற்கப்படும் மலிவு எஸ்.எஸ்.டி.யைச் சர்வரில் சொருகுவது விவேகமன்று: மின்சாரம் திடீரென்று போகும் கணத்தில் கையில் இருந்ததை எழுதி முடிக்கும் ஏற்பாடு அதில் பெரும்பாலும் இராது, எழுதித் தேயும் ஆயுளும் குறைவு. வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது, இப்போதுள்ள சர்வர்களின் படிப்பையும் எழுத்தையும் ஒரு மாத காலமாவது அளந்து பார்ப்பது; அந்த மாதத்துக்குள் ஒரு சம்பள நாளும், மாதக் கடைசியின் ஷிப்மெண்ட் நெருக்கடியும் அகப்பட வேண்டும். விண்டோஸிலேயே இதற்கான கருவி இலவசமாக இருக்கிறது. சராசரியை அல்ல, உச்சத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

“தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கிறோம், பேக்கப் எதற்கு?”

ஸ்னாப்ஷாட் என்பது ஒரு நகல் அன்று. மூல டிஸ்க்கை அப்படியே நிறுத்திவிட்டு, அதற்குப் பின் நேர்ந்த மாறுதல்களைத் தனிக் கோப்பில் குறித்துக்கொண்டு போகும் ஏற்பாடே அது. மூலம் அழிந்தால் குறிப்பும் பயனற்றது. ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம் என்று வி.எம்.வேர் நிறுவனமே சொல்கிறது. மாதக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தக் கோப்பு வீங்கி, ஸ்டோரேஜை நிரப்பி, எல்லாச் சர்வர்களையும் மூச்சுத் திணற வைக்கும். ஸ்னாப்ஷாட் கொள்ளையரிடமிருந்தும் காப்பாற்றாது: 2023 பிப்ரவரியில், இரண்டு வருஷத்துக்கு முன்பே திருத்தம் வெளியாகியும் அதைப் போட்டுக்கொள்ளாத வி.எம்.வேர் பெட்டிகளை உலகமெங்கும் தேடிப் பிடித்த கப்பக் கொள்ளையர், மெய்நிகர் சர்வர்களின் டிஸ்க் கோப்புகளையே பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால் தனித்தனியே உடைத்திருக்க வேண்டும். இங்கே ஒரு கதவே போதுமானதாயிற்று. அப்படியொன்று நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி ஆணை. கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான நிறுவனங்கள் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினசரி வைத்திருக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் விதியும் வந்துவிட்டது. பங்குதாரர் நிறுவனங்களாக நடப்பவர்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. கொள்ளையன் அந்த வித்தியாசம் பார்ப்பதில்லை. ஒரு நகலாவது சர்வரோடு தொடர்பறுந்த இடத்தில், வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.

“எல்லோருக்கும் தின் கிளையண்ட் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் செலவே இல்லை.”

தின் கிளையண்ட் என்பது சர்வரில் ஓடும் கணினியைத் திரையில் காட்டும் சிறு பெட்டி. அதனால் மேஜையின்மேல் செலவு குறையும். சர்வர் அறையில் கூடும். டேலியும் இ.ஆர்.பி.யும் மின்னஞ்சலும் தவிர வேறொன்றும் திறக்காத ஸ்டோர், அக்கவுண்ட்ஸ், பேக்கிங் பட்டியல் எழுதுவோர் ஆகியோருக்கு, ஆளுக்கொரு முழு மெய்நிகர் கணினி என்பதே மிகை. ஒரே விண்டோஸ் சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ரிமோட் டெஸ்க்டாப் முறை அவர்களுக்குத் தாராளமாகப் போதும், அதன் செலவும் குறைவு. பேட்டர்ன் மாஸ்டரின் கதையோ நேர்மாறானது. மார்க்கர் போடும் கேட் மென்பொருள்களில் பல, கணினியின் முதுகில் சொருகிய கட்டைவிரலளவு யு.எஸ்.பி. பூட்டு ஒன்றைக் கண்டால்தான் திறக்கும். அந்தப் பூட்டைச் சர்வர் பெட்டியில் சொருகி மெய்நிகர் கணினிக்குக் காட்டலாம். ஆனால் அந்தப் பெட்டி விழுந்து, கணினி மற்றொரு பெட்டிக்குத் தாவும்போது, பூட்டு கூடவே தாவுவதில்லை. நெட்வொர்க் வழியாக யு.எஸ்.பி. வழங்கும் தனிக் கருவிகள் உண்டு. மென்பொருள்காரர் அதை அங்கீகரிக்கிறாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரிண்ட் டிசைன் போடுபவருக்கும் கிராபிக்ஸ் கார்டு பங்கு இல்லாமல் மெய்நிகர் கணினி கொடுப்பது, வண்ணத்தின் நிழல் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வேலையை இருட்டறையில் செய்யச் சொல்வதற்குச் சமம். இவ்விருவரின் கணினிகளை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பதில் அவமானம் ஏதுமில்லை.

“சாப்ட்வேர் இலவசம்.”

வி.எம்.வேரை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நின்று ஆண்டுச் சந்தா மாத்திரம் எஞ்சியது. 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பும் போய், 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. ஹைப்பர்-வியும், பிராக்ஸ்மாக்ஸ் என்ற மற்றொரு மென்பொருளும் இருக்கின்றன என்பது உண்மை, பலருக்கு அவையே போதும் என்பதும் உண்மை; ஆனால் உள்ளே குடியிருக்கும் விண்டோஸுக்கு வாடகை உண்டு. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமம் குறைந்தது பதினாறு கோர்களுக்கு வாங்கினால் இரண்டே மெய்நிகர் சர்வர்களுக்குத்தான் செல்லும். மற்றொரு பெட்டிக்குத் தாவ நேர்ந்தால் அங்கும் உரிமம் இருக்க வேண்டும். பழைய மேஜைக் கணினியோடு வந்த விண்டோஸை மெய்நிகர் டெஸ்க்டாப்புக்கு எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. அதற்குத் தனி உரிமை வாங்க வேண்டும். கொட்டேஷனில் இந்த வரிகள் காணப்படாவிட்டால், அது மலிவானது என்று சந்தோஷப்படாமல், முழுமையானதா என்று விசாரிப்பது உத்தமம்.

“இரண்டு பெட்டி இருக்கிறது, ஒன்று நின்றாலும் வேலை நிற்காது.”

நிற்கும், கொஞ்ச நேரம் நிற்கும். பெட்டி விழுந்ததை மற்றொன்று உணர்ந்து, அதிலிருந்த மெய்நிகர் சர்வர்களைத் தன்னிடத்தில் மறுபடி துவக்கி, டேட்டாபேஸ் தன்னைச் சரிபார்த்துக்கொண்டு எழுவதற்குச் சில நிமிஷங்கள் ஆகும். அந்தக் கணத்தில் ஆபரேட்டர் அடித்துக்கொண்டிருந்த வரி போய்விடும். இரண்டே பெட்டிகள் இருந்து, நடுவிலுள்ள கேபிள் அறுந்துபோனால், நானே மிஞ்சியவன் என்று இரண்டுமே எண்ணிக்கொண்டு ஒரே டிஸ்க்கில் எழுதத் துணியும் விபரீதமும் உண்டு; மூன்றாவது ஓட்டு ஒன்றுக்கு ஒரு சிறு கணினியைச் சாட்சியாக வைப்பது அதனால்தான். இரண்டுக்கும் பொதுவான ஸ்டோரேஜ் ஒன்றே ஒன்றானால், விழக்கூடியது இன்னும் அங்கே இருக்கிறது.

மின்சாரத்தையும் பஞ்சையும் கொட்டேஷன் போடுகிறவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. நிட்டிங் நடக்கும் கட்டடத்தில் சர்வரின் முன்புறச் சல்லடையை விரலால் தடவிப் பார்த்தால் மெல்லிய வெள்ளைத் தோல்போல் பஞ்சு சுருண்டு வரும். நான்கு சர்வரின் உஷ்ணத்தை ஒரே பெட்டி கக்கும்போது அந்தத் தோல் முன்னைவிட ஆபத்தானது. 2012-இன் மின்வெட்டுக் காலம் போய்விட்டாலும், மின்சாரம் போவதற்கும் ஜெனரேட்டர் சுமை ஏற்பதற்கும் இடையிலுள்ள நேரம் போய்விடவில்லை. யு.பி.எஸ். தீரும் தறுவாயில் முதலில் மேஜைக் கணினிகள், பிறகு இ.ஆர்.பி., அதற்குப் பிறகு டேட்டாபேஸ், கடைசியில் ஸ்டோரேஜ் என்ற வரிசையில் தாமாகவே அணைவதற்கு ஏற்பாடு செய்து, எழும்போது வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ தொழிலாளர்கள் ஊருக்குப் போய், பனியன் கம்பெனிகள் அடங்கியிருக்கும் நாட்கள் சோதனைக்கு உகந்தவை. சர்வர்களைக் கவனிப்பவர், ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி ஒன்றின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இ.ஆர்.பி. மறுபடி திறக்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்க்கட்டும். அதற்கடுத்த நாள், பேக்கப்பிலிருந்து டேலியை ஒரு வெற்றுப் பெட்டியில் மீட்டெடுத்து, அதற்கு ஆன நேரத்தையும் குறித்துக்கொண்டு, விடுமுறைக்கு முன் போட்ட கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று அக்கவுண்டண்டைக் கூப்பிட்டுக் காட்டட்டும். கிடைத்த இரண்டு எண்களையும் முதலாளியிடம் கொடுத்து, ஷிப்மெண்ட் நாளில் இவ்வளவு நேரம் பொறுக்க முடியுமா என்று கேட்டால், மேற்கொண்டு எதற்குப் பணம் போடலாம், எதற்கு வேண்டாம் என்பதை அவரே சொல்லிவிடுவார்.