ஒரு கூரையும் பல குடிகளும்

இல் என்னுஞ் சொல் கட்டடத்தையும் அதனுள் நிகழும் வாழ்க்கையையும் ஒருங்கே உணர்த்தும். ஒரு மனையுள் பல குடிகள் வாழ நேருங்கால் அதன் அமைப்பு அதற்கு இடந்தருமோ என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

கடனாநதிக் கரையிலுள்ள ஆழ்வார்குறிச்சி முதலிய நம் பொருநைநாட்டு ஊர்களின் பழைய தெருவீடுகள் பல அகலங் குறுகி நீளம் மிக்கன. திண்ணை, பட்டாசாலை, முற்றம், அடுக்களை, புறவாசல் என ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்தவை. இருபுறமும் அயலார் சுவர். ஆதலின் ஒளியும் காற்றும் முற்றத்தின் வழியே வருதல் வேண்டும். இத்தகைய மனையை உடன்பிறந்தார் இருவர் பகிர்தல் அரிது. குறுக்கே பிரிப்பின் பின்கட்டினர்க்குத் தெருவாயில் இல்லை. நெடுக்கே சுவரெழுப்பின் முற்றம் பிளவுண்டு இரு பாதியும் இருளடையும்.

செட்டிநாட்டு மாளிகைகளோ பல குடிகளை முன்னரே எண்ணிக் கட்டப்பெற்றவை. முகப்பைக் கடந்தால் வளவு என்னும் பெருமுற்றம். அதனைச் சுற்றித் தாழ்வாரமும் அறை வரிசைகளும் உள. மணமான மைந்தர் ஒவ்வொருவர்க்கும் அவற்றுள் பங்குண்டு. அவ்வறையை ‘வீடு’ என்றே நகரத்தார் வழங்குதல் நோக்கத்தக்கது. மணமக்களுக்குத் தனியடுப்பு அமைத்துத் தருதலை ‘வேறு வைத்தல்’ என்பர். அடுப்பு வேறு, அறை வேறு. வளவும் கூரையும் பொது.

ஆயினும் பங்காளிகள் தலைமுறைதோறும் பெருகினர். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அங்கிருந்த வாணிகமும் சிதைந்தது. எல்லார்க்கும் உரிய கூரையைச் செப்பனிட ஒருவரும் முன்வராத மாளிகைகள் பல இடிக்கப்பெற்றன. அவற்றின் தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைப்பொருளாயின. சில, தங்கும் விடுதிகளாகிப் பிழைத்தன.

மனையின் அமைப்பு மட்டும் போதாதெனின், வேறு வேண்டுவது யாது? இலண்டன் மாநகரின் ஆல்பனி மாளிகை விடை கூறும். வில்லியம் சேம்பர்ஸ் என்பார் 1770-களில் மெல்போர்ன் பிரபுவுக்குக் கட்டிய அம்மாளிகையை, 1802-ஆம் ஆண்டையொட்டி ஹென்றி ஹாலண்ட் என்பார் தனித்தனிக் குடியிருப்புகளாக வகுத்தார். பின்புறத்தில் இரு நீண்ட கட்டடங்களையும், அவற்றிடையே கூரையிட்ட நடைபாதையையும் அமைத்தார். குடியிருப்புகள் பலர்க்கு உரியன. பொதுவானவற்றைப் பேணுவது அறங்காவலர் குழு. இரு நூற்றாண்டு கடந்தும் அம்மாளிகை நிலைபெற்றுள்ளது.

ஆகலின், பாகம் பிரிப்போர் அறைகளை அளப்பதோடு அமையாது, முற்றம், கிணறு, கூரை ஆகியவற்றைக் காப்பார் இன்னார், செலவில் அவரவர் பங்கு இத்துணை என்பதனையும் பத்திரத்தில் வரையறுத்தல் வேண்டும். தம் அறையை அவரவரே காத்துக்கொள்வர். பொதுக் கூரைக்குக் காவலர் இல்லையேல் அவ்வறைகளும் நில்லா. நம்மூர் மனைகளைப் பகிர்வோர் இதனைக் கருதுவாராக.