வலவனும் பொறியும்

1914ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 18ஆம் நாள். பாரிசு நகருக்கு அருகே செயின் ஆற்றங்கரையில் மக்கள் திரண்டிருந்தனர். ஆற்றின்மேல் தாழப் பறந்து வந்தது ஒரு விமானம். அதனைச் செலுத்தியவர் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்க இளைஞர். கூட்டத்தினர் கண்முன் வந்ததும் அவர் தம் இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினார். உடன் வந்த துணைவர் இறக்கையின்மேல் நடந்து சென்றார். ஒருபுறம் பாரம் மிகுந்தும் விமானம் சாயவில்லை. கண்டோர் வியந்து ஆரவாரித்தனர்.

விமானத்தைச் சாயாமற் காத்தது யாது? விரைந்து சுழலும் பம்பரம் தன் அச்சினின்றும் எளிதிற் பிறழ்வதில்லை. அவ்வியல்பைக் கொண்டு அமைந்த சுழற்கருவியொன்று விமானத்தின் சாய்வை உடனுக்குடன் உணர்ந்து திருத்தியது. ஊர்தி செலுத்துவோனை வலவன் என்பது பண்டைத் தமிழ் வழக்கு. வலவன் கைவிட்ட வானூர்தியைப் பொறியொன்று தாங்கிச் சென்ற காட்சியை அன்று உலகம் கண்டது.

அதன்பின் இக்கலை படிப்படியே வளர்ந்தது. 1937ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், விமானி கைவைக்காமலே ஒரு விமானம் தரையிறங்கியது. 1965ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள், பாரிசிலிருந்து இலண்டனுக்குப் பயணிகளை ஏற்றி வந்த டிரைடண்ட் விமானம் பொறியின் துணையால் தானே தரைதொட்டது. மூடுபனி கண்ணை மறைக்கும் நாளிலும் பெருவிமானங்கள் இன்று இறங்குதல் இதனாலேயாம். ஆயினும் அவ்விமானங்களில் விமானியர் இருவர் விழித்திருந்து பொறியைக் கண்காணிப்பர். விமானியே மயங்கி வீழ்ந்தால் என் செய்வது? இவ்வினா நெடுங்காலம் விடையின்றி நின்றது.

விடை காணுமுன், பொறியை எவ்வளவு நம்பலாம் என்று ஆராய்தல் வேண்டும். தமிழில் பொறி என்னும் சொல் இயந்திரத்தையும் குறிக்கும். கண், காது முதலிய புலன் வாயில்களையும் குறிக்கும். இவ்விரு பொருளும் வானத்தில் ஒருங்கே வந்து நிற்கின்றன.

மேகத்தினுள் புகுந்த விமானிக்கு நிலமும் தெரியாது, அடிவானும் தெரியாது. உடலின் நிலையை அறிவிக்கும் உட்செவி அப்போது அவனை ஏமாற்றும். விமானம் ஒருபுறம் சாய்ந்து வட்டமிடும். விமானியோ நேரே செல்வதாக உணர்வான். அவ்வுணர்வை நம்பிச் செலுத்தியோர் பலர் மாண்டனர். ஆதலின் ‘உன் உடல் கூறுவதை நம்பாதே, கருவி காட்டுவதை நம்பு’ என்பது விமானப் பயிற்சியின் முதற் பாடங்களுள் ஒன்றாயிற்று.

அங்ஙனமாயின், கருவி பொய் கூறாதா? கூறும். 2009ஆம் ஆண்டு பிப்பிரவரி 25ஆம் நாள் துருக்கி நாட்டுப் போயிங் விமானமொன்று ஆம்ஸ்டர்டாம் நகரில் இறங்க வந்தது. அஃது ஏறத்தாழ 2,000 அடி உயரத்தில் இருந்தபோது, உயரம் அளக்கும் கருவிகளுள் இடப்புறக் கருவி பழுதுற்று, விமானம் தரையினும் எட்டடி தாழ இருப்பதாகக் காட்டியது. வலப்புறக் கருவி சரியான அளவையே காட்டிற்று. ஆயினும் எஞ்சின் விசையை ஆளும் பொறி, இடப்புறக் கருவியின் சொல்லையே கேட்டது. தரை வந்துவிட்டது என எண்ணி விசையைக் குறைத்தது. விரைவு தளர்ந்ததை விமானியர் காலந்தாழ்த்தே கண்டனர். விமானம் ஓடுபாதையை எட்டாமல் வயலில் வீழ்ந்தது, ஒன்பதின்மர் உயிரிழந்தனர்.

அதே ஆண்டு ஜூன் முதல் நாள், பிரேசிலிலிருந்து பாரிசு சென்ற விமானமொன்று அட்லாண்டிக்குப் பெருங்கடலின்மேல் நள்ளிரவில் பறந்தது. விரைவை அளக்கும் குழாய்களைப் பனித்துகள் அடைத்தது. அளவு பொய்த்ததும் தானியங்குபொறி விலகிக்கொண்டது; விமானம் விமானியர் கைக்கு வந்தது. அவ்வளவு உயரத்தில் கையாற் செலுத்தும் பயிற்சி அவர்கட்குத் தரப்பட்டிருக்கவில்லை. மூக்கை உயர்த்தியே பிடித்தமையால் விமானம் தாங்குவிசை இழந்து கடலில் வீழ்ந்தது. 228 பேரும் மாண்டனர். பொறி விலகும் நேரம் எளிய நேரமாய் இருப்பதில்லை. அரிய நேரத்திலேயே அது சுமையை மனிதன் கையில் வைக்கிறது. பழகாத கை அப்போது என் செய்யும்?

திருவள்ளுவர் அரசன் தன் வினைக்குரியாரைத் தேரும் முறையைத் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் அதிகாரத்தில் கூறுகின்றார். ஆராயாமல் ஒருவனை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் அவன்மேல் ஐயங்கொள்ளுதலும் தீராத துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிவு. ஆளுக்குச் சொன்ன அறம் பொறிக்கும் பொருந்துதல் காண்க. மேகத்தில் நற்கருவியை ஐயுற்றுத் தன் செவியை நம்புவோன் இரண்டாம் பிழையைச் செய்கின்றான். பொறி காத்துக்கொள்ளும் என்று கண்காணியாது இருப்போன் முதற் பிழையைச் செய்கின்றான்.

இதனை உணர்ந்த அறிஞர், நம்பத்தக்க பொறி எத்தகையதாதல் வேண்டும் என்று ஆராய்ந்தனர். போர் விமானம் தரையில் மோதாமற் காக்கும் பொறியொன்றை அமெரிக்க வான்படையினர் 2014 முதல் எப்-16 விமானங்களில் அமைத்தனர். அதன் ஆக்கத்தில் மூன்று விதிகள் கொள்ளப்பட்டன. தீங்கு செய்யாதிருத்தல் முதல் விதி. விமானியின் வினைக்கு இடையூறு செய்யாதிருத்தல் இரண்டாம் விதி. மோதலைத் தவிர்த்தல் மூன்றாம் விதி. காக்க வந்த பொறிக்குக் காத்தல் மூன்றாம் கடமையாகவே வைக்கப்பட்டது! காரணமின்றிக் குறுக்கிடும் பொறியை விமானிகள் வெறுப்பர். வெறுத்த பொறியை நிறுத்திவைப்பர். நிறுத்திய பொறி எவரையும் காவாது. 2016இல் பயிற்சி விமானியொருவர் கடுந்திருப்பத்தில் நினைவிழந்தார். நிலத்தை நோக்கிப் பாய்ந்த விமானத்தை அப்பொறியே நிமிர்த்தி அவர் உயிரைக் காத்தது.

பயணிகள் செல்லும் சிறு விமானங்களுக்கு ‘ஆட்டோலேண்ட்’ என்னும் பொறி வந்தது. கார்மின் நிறுவனத்தார் ஆக்கிய இதற்கு 2020இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் முதன்முதலாகக் கிடைத்தது. விமானி மயங்கினால், பயணியொருவர் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். எரிபொருள், வானிலை, மலைகள், ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றை நோக்கிப் பொறி தானே ஒரு நிலையத்தைத் தேரும். வானொலியில் தன் வருகையைக் கூறும். பயணிகட்குச் செய்தி காட்டும். இறங்கி நின்று எஞ்சினையும் அணைக்கும்.

இதுபற்றி விமானிகள் கருத்து ஒருபடித்தாய் இல்லை. மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் தனி விமானிக்கு இதனினும் பெரிய ஆறுதல் இல்லை என்பர் ஒரு சாரார். பொறி காக்கும் என்னும் துணிவால் தகாத வானிலையிலும் சிலர் புறப்படுவர், கைத்திறனும் குன்றும் என்று அஞ்சுவர் மற்றொரு சாரார். வேண்டாத வேளையில் அது தானே எழுந்தால் என்னாவது என வினவுவாரும் உளர். விமானி விரும்பினால் அதனை விலக்கித் தானே செலுத்தலாம் என்பது அவ்வினாவிற்கு விடை. பகையால் எழுந்த ஐயங்கள் அல்ல இவை. பிறர் உயிரைத் தம் கையிற் கொண்டோர் பொறுப்புணர்ந்து எழுப்பியவை.

2025ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அப்பொறி முதன்முறையாக உண்மை இடர் ஒன்றில் தொழிற்பட்டது. இரு விமானியர் மட்டும் சென்ற கிங் ஏர் விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்தது. இருவரும் உயிர்வளி முகமூடி அணிந்தனர். பொறி தானே எழுந்து விமானத்தை ஏற்றது. அவர்கள் மயங்கவில்லை, விரும்பினால் அதனை விலக்கியிருக்கலாம். ஆயினும் சுற்றிலும் மலை. நடுவே மேகமும் பனியும். அழுத்தம் குறைந்த காரணமும் விளங்கவில்லை. ஆதலின் பொறியைத் தொடரவிட்டு அதன் செயலைக் கண்காணித்தனர். விமானம் நலமே இறங்கியது.

அவ்விருவரும் பொறியை நம்பினர்; நம்பியும் கண்ணை மூடவில்லை. கையை எடுத்தனர், பொறுப்பை எடுக்கவில்லை. வழிகாட்டும் கருவியும் கணக்கிடும் கருவியும் எளிதிற் கிடைக்கும் இக்காலத்தில் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு வலவரே. தாம் கையாளும் பொறி எதனால் இயங்குகிறது, எங்கே பிழைபடும் என்று அறிந்து நம்புதலும், அது கைவிடும் நாளுக்கெனத் தம் திறனைப் பழகி வைத்தலும் அவர்க்குரிய கடன் ஆகும்.