கோல்ப் பயிற்சித் திடல்: முதல் போடுமுன் கணக்குப் போடுக

துணிக்கடையும் உணவுக்கடையும் நம்மவர்க்குப் பழகிய தொழில்கள். புதுத்தொழில் நாடும் தெலுக் இந்தான் இளைஞர்கள் கோல்ப் பயிற்சித் திடலையும் எண்ணிப் பார்க்கலாம். ஆனால் அதன் தன்மையை முதலில் அறிதல் வேண்டும்.

பதினெட்டுக் குழி மைதானத்திற்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். பயிற்சித் திடலில் ஆடுவோர் கூரையின் கீழ் ஒரே இடத்தில் நின்று, கூடைக்கணக்கில் வாடகைக்கு வாங்கிய பந்துகளை அடிப்பர். விற்காத துணி நாளையும் அலமாரியில் இருக்கும். இன்று மாலை காலியாகக் கிடந்த இடத்தை நாளை விற்க முடியாது. நாம் விற்பது நேரமே.

இருபது பேர் நிற்க, ஆளுக்கு 3 மீட்டர் வீதம் 60 மீட்டர் அகலம் தேவை. இருபுறமும் காலியிடம் விட்டு 100 மீட்டர் அகலமும் 280 மீட்டர் நீளமும் எடுத்தால் ஏறக்குறைய 7 ஏக்கராகும். நம்முடையது பேராக் ஆற்றங்கரைத் தாழ்நிலம். வடிகால் சரியில்லையேல் பந்துகள் சேற்றில் புதையும். பொறுக்கும் வண்டியும் ஓடாது. விவசாய நிலமாயின், 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நிலவகையை மாற்ற நில அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். நகராண்மைக் கழக அனுமதியும் அவசியம்.

இனி வரவு செலவு. வாடகை, சம்பளம், விளக்கு எல்லாம் சேர்ந்து மாதம் 12,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூடை 10 வெள்ளியாயின் நாளொன்றுக்கு 40 கூடை விற்றால்தான் கைப்பிடித்தம் இராது. மழையால் ஆறு நாள் போயின், மற்ற நாட்களில் 50 கூடை விற்க வேண்டும். இலாபம் அதற்குப் பிறகே!

அத்தனை ஆட்டக்காரர் நம்மூரில் உண்டா? இல்லையெனில் புதியவர்களை உண்டாக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வாட்ஃபோர்டில் தொடங்கிய டாப்கோல்ப் அதைத்தான் செய்தது. பந்தினுள் நுண்சில்லு வைத்து, இலக்குக்குப் புள்ளி கொடுத்து, கோல்ப் ஆடியறியாத குடும்பங்களையும் வரவழைத்தது. அவ்வளவு முதல் நமக்கு வேண்டியதில்லை. முதல் கூடை இலவசம், பள்ளி மாணவர்க்குச் சலுகை, பெண்களுக்குத் தனிநேரம், தொடக்கக்காரர்க்கு ஓர் ஆசிரியர், பக்கத்தில் தேநீரும் ரொட்டி சானாயும் ஆகியவை போதும். ரமலானில் தராவீஹுக்குப் பின் திறக்கலாம். பணம் வைத்துப் பந்தயம் கட்டி அடிப்பதை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுக.

எடுத்த எடுப்பில் ஏழு ஏக்கரில் இறங்க வேண்டாம். வலை கட்டி மூன்று விரிப்புகளுடன் மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள். கூட்டாளி இருப்பின் இலாப நட்டப் பங்கை எழுத்தில் வையுங்கள். வந்தவர் யார், மறுபடி வந்தவர் எத்தனை பேர் என்று தினமும் பேரேட்டில் குறியுங்கள். மறுபடி வருவோர் பெருகினால் நிலத்தைக் குத்தகைக்கு எடுங்கள். பெருகாவிடில் வலையைச் சுருட்டிவிடுங்கள். நட்டம் சிறிதாகவே முடியும். தகப்பனார் தேடிய கடை முதலும் தப்பும்.