வாக்கில்லா இருக்கையும் நீதிபதி இருக்கையும்

நம் எம். புதுப்பட்டி வட்டாரத்தில் வெடிமருந்து என்றாலே சட்டமும் உடன் நினைவுக்கு வரும். 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் பட்டாசு ஆலைகளின் உரிமத்தில் நெடுங்காலமாக வாழ்ந்து வந்துள்ளது. வெடிமருந்தைப் போர்க்களத்தில் கையாளும் வீரனுக்கோ 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டம் உண்டு. அச்சட்டத்தில் வல்லுநராய்ச் சீருடையில் பணியாற்றுவோரே படைச் சட்ட அலுவலர். ஆங்கில வழக்கில் ஜட்ஜ் அட்வகேட். அவர்தம் பணிவாழ்வை ஈண்டு நோக்குவோம்.

ஜெனரல் கோர்ட் மார்ஷல் எனப்படும் பொதுப் படை நீதிமன்றத்தில் குறைந்தது 5 அதிகாரிகள் அமர்வர். அவர்கள் சட்டம் பயின்றோராய் இருத்தல் வேண்டும் என்னும் விதி இல்லை. மரண தண்டனை விதிக்கும் அதிகாரமும் அம்மன்றத்திற்கு உண்டு. அதற்கு மூன்றில் இரு பங்கினர் உடன்பட வேண்டும். எந்தச் சான்று ஏற்கத்தக்கது, எது தள்ளத்தக்கது என அவர்களுக்கு எடுத்துரைப்பவர் படைச் சட்ட அலுவலர். ஆயினும் அவருக்கு வாக்கு இல்லை! சட்டம் அறிந்தவர் சொல்லோடு நிற்க, ஏனையோர் முடிவு செய்வர். பழைய ஜூரி முறையை இது நினைவூட்டுகின்றது. அவரும் படையின் பதவி அடுக்கிற்கு உட்பட்டவரே என்பதால், நடுவுநிலைமை அவருக்கு எளிய அறமன்று.

தவறாகத் தண்டிக்கப்பட்ட வீரன் எங்கே முறையிடுவான்? படையின் மேலதிகாரிகளிடமும் அரசிடமும் மனுச் செய்யலாம்; உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் தொடுக்கலாம். முறையான மேல்முறையீடு மட்டும் 2009 வரை இல்லாதிருந்தது. 1982இல் லெப்டினன்ட் கர்னல் பிரீத்தி பால் சிங் பேடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனைப் பெருங்குறையாகச் சுட்டியது. அக்குறை தீர 27 ஆண்டுகள் ஆயின. 2007இல் சட்டம் இயற்றப்பட்டு, 2009இல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் தோன்றியது. சென்னையிலும் அதன் அமர்வு அமைந்தது.

ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியுடன் படைத்துறை உறுப்பினர் ஒருவரும் அங்கு அமர்வார். படையின் தலைமைச் சட்ட அலுவலராக ஓராண்டேனும் பணியாற்றிய மேஜர் ஜெனரலும் அவ்வுறுப்பினராகலாம் என 2007ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. வாக்கின்றி அறிவுரை மட்டும் கூறி வந்தவர்க்குத் தீர்ப்பெழுதும் உரிமை கிட்டிய இடம் இதுவே. அமெரிக்காவில் படை வழக்கறிஞர் பலர் பிற்காலத்தில் கூட்டாட்சி நீதிபதிகளாய், வாழ்நாள் பதவி பெற்றுள்ளனர். நம் உயர் நீதிமன்றத்திற்கோ பத்தாண்டு வழக்கறிஞர் தொழிலோ நீதித்துறைப் பதவியோ தேவை. சீருடையில் இருந்துகொண்டு வழக்கறிஞர் தொழில் நடத்த இயலாதாகையால் அவ்வழி எளிதன்று.

இத்துறையில் நுழைய விழையும் மாணவர் சட்டப் பட்டத்தில் 55 விழுக்காடு பெற்றிருத்தல் வேண்டும். வயது 21 முதல் 27 வரை. பயிற்சிக்களமோ நம் சென்னைப் பரங்கிமலையிலேயே உள்ளது. மாணவியர்க்கு ஒரு செய்தி: ஆடவர்க்கு 6, மகளிர்க்கு 3 என இடங்களைப் பிரித்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் செல்லாதென அறிவித்து, இருபாலர்க்கும் ஒரே தகுதிப் பட்டியல் வேண்டுமென ஆணையிட்டது.