எங்கள் வகுப்பறைக்கு வந்த கட்டியங்காரன்

ஆடி மாதத்தில் ஒருநாள், மூன்றாவது பாடவேளை. ஏழாம் வகுப்பில் வரைபடப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு மாணவன் மேசைமேல் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. எழுப்பி நிற்கவைத்து, "ராத்திரியெல்லாம் டிவி பார்த்தால் இப்படித்தான்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன். வந்து நின்றபோதுதான் கவனித்தேன். காதின் பின்புறத்தில் தண்ணீர் படாத இடத்தில் மஞ்சள் அரிதாரம் திட்டாக ஒட்டியிருந்தது.

அவனுடைய தாத்தா தெருக்கூத்து வாத்தியார். அப்பா மத்தளம் அடிப்பவர். ஆடி மாதம் அவர்களுக்கு வேலை மாதம். இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்து விடியும்போதுதான் முடியும். சிறுவர் வேடம் கட்டவும் தாளம் போடவும் பையனும் கூடப் போவான். விடிந்ததும் முதல் பேருந்தைப் பிடித்து ஊருக்கு வந்து, நேராகப் பள்ளிக்கு வந்துவிடுவான். இவையெல்லாம் எனக்கு அன்றுதான் தெரியும். என் பதிவேட்டில் அவன் 'மெல்லக் கற்பவர்' பட்டியலில் இருந்தான். பாரதக் கதையை இரவு முழுவதும் பாட்டோடும் வசனத்தோடும் நினைவில் வைத்திருக்கும் ஒரு குழந்தையை நான் அந்தப் பட்டியலில் எழுதியிருந்தேன்.

அந்தத் தவறைத் திருத்திக்கொள்ள நான் எடுத்த முயற்சியே இந்தக் கட்டுரை.

பல்கலைக்கழகம் தேடிவந்த ஊர்

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் கோட்டைதான் நினைவுக்கு வரும். அதே அளவு பழைமையான இன்னொன்றும் இங்கே உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் உள்ள மேலச்சேரி, பழைய செஞ்சி என்று வழங்கும் ஊர். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயிலைத்தான் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் தாய்க்கோயிலாக மக்கள் கருதுகிறார்கள். பாரதப் பிரசங்கம், இரவுக் கூத்து, படுகளம், தீமிதி என்று தொடரும் இந்த விழாக்களை ஆராய அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இங்கு வந்தார். 1988-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய ஆய்வுநூலின் முதல் தொகுதித் தலைப்பிலேயே 'செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை' என்ற பொருளில் நம் ஊர்ப்பெயர் இருக்கிறது. பக்கத்தில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இயங்குகிறது.

பல்கலைக்கழகங்கள் தேடிவந்து படிக்கும் கலை, எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஏன் ஒரு வாரம்?

2022-23 கல்வியாண்டு முதல் நம் துறை நடத்திவரும் கலைத் திருவிழா, பள்ளி அளவில் தொடங்கி மாநில அளவு வரை செல்கிறது. ஆடத் தெரிந்த, பாடத் தெரிந்த குழந்தைகளை அது அடையாளம் காட்டுகிறது. எங்கள் பள்ளியிலும் அதனால் வெளிவந்தவர்கள் உண்டு. ஆனால் போட்டி என்றால் ஒரு வகுப்பில் நான்கைந்து பேர்தான் மேடை ஏறுவார்கள். மற்றவர்கள் கைதட்டுவார்கள். கைதட்டுபவர்களுக்கும் ஏதாவது வேண்டும் என்று தோன்றியது.

2025 ஜூலை 11 அன்று, 'மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தொகுப்பில் உள்ள 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். ஏழாம் வகுப்புச் சமூக அறிவியலில் மராத்தியர் பாடமும் வருகிறது. சனி, ஞாயிறு நீங்கலாக ஐந்து வேலைநாள்கள் கிடைத்தன. தலைமையாசிரியர் நாள்தோறும் கடைசி இரண்டு பாடவேளைகளை ஒதுக்கிக் கொடுத்தார். கோட்டைக்குச் செல்ல மட்டும் அரைநாள்.

இது புதிய சிந்தனை அல்ல. தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். 1921-இல் அங்கே விசுவபாரதி உருவானது. மரம் நடுவதும் ஏர் உழுவதும் அங்கே விழாக்கள். பௌஷ் மேளாவுக்குச் சுற்றுவட்டாரக் கைவினைஞர்களும் பாவுல் பாடகர்களும் வருவார்கள். படிக்கும் இடத்துக்கு ஊர் வரவேண்டும் என்பதே அதன் சாரம்.

தொடங்கும்முன் மூன்று முடிவுகள் எடுத்தோம். ஒன்று, 34 மாணவர்களில் வேலை இல்லாதவர் ஒருவரும் இருக்கக் கூடாது. இரண்டு, வாடகை உடை, ஒலிபெருக்கி, மேடை எதுவும் கிடையாது. மூன்று, பரிசு கிடையாது.

முதல் நாள்: வீட்டில் என்ன இருக்கிறது?

முந்தின நாளே மாணவர்களுக்கு ஒரு கேள்வி கொடுத்தேன். "உங்கள் வீட்டில் யாருக்காவது ஒரு பாட்டோ, ஆட்டமோ, கைவேலையோ தெரியுமா? யாரிடம் கற்றார்கள்?" இவ்வளவுதான்.

நடவுப் பாட்டு, ஒப்பாரி, பம்பை, கோலாட்டம், பாய் முடைதல், மேல்மலையனூர் மயானக்கொள்ளைக்கு வேடம் கட்டும் மாமா என்று விடைகள் வந்தன. "எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை" என்று எழுதிய ஒரு சிறுமியிடம் மெதுவாகக் கேட்டேன். பாட்டி கோலம் போடுவார்களாம், புள்ளி எண்ணாமலேயே சரியாக வருமாம். அதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டச் சொன்னேன். கணித ஆசிரியர் அதை வைத்தே சமச்சீர்ப் பாடத்தைத் தொடங்கினார்.

கூத்துப் பையன் தாளில் எதுவும் எழுதவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

இரண்டாம் நாள்: கோட்டைக்குள்

இராசகிரி உச்சிக்கு ஏறவில்லை. அடிவாரமே போதும். கல்யாண மகால், நெற்களஞ்சியம், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் மசூதி ஆகிய ஐந்து இடங்களுக்கு ஐந்து குழுக்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பணி. களஞ்சியக் குழு கயிற்றால் தரையை அளந்து பரப்பளவு கண்டது. கல்யாண மகால் குழு அடுக்குகளை எண்ணி வரைந்தது. சுடுமண் குழாய்கள் வழியே அங்கே தண்ணீர் கொண்டுவந்தார்கள் என்றதும், "மேலே எப்படி ஏறும் டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான். அது மறுநாள் அறிவியல் பாடமானது.

வேங்கடரமணர் கோயிலில் தூண்கள் இல்லாத இடங்களைக் காட்டினேன். இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன தூண்கள்தாம் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. பல குழந்தைகள் அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டவர்கள். "அது நம்ம ஊருதா?" என்று வாய் பிளந்தார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. குரங்குகள் அதிகம். தின்பண்டத்தைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள்.

மூன்றாம் நாள்: இரண்டு தேசிங்குகள்

கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் 'கதையில்', வலப்பக்கம் 'வரலாற்றில்'.

வரலாற்றுப் பக்கத்தை நான் சொன்னேன். 1677-இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மகன் இராசாராம் இங்கே தஞ்சம் புகுந்தார். முகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698-இல் கோட்டையைப் பிடித்தது. பின்னர்ப் புந்தேல இராசபுத்திரரான சொரூப்சிங் பொறுப்பேற்றார். அவர் மகன் தேஜ்சிங்தான் நம் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்ட பாக்கியைக் கொடுக்க மறுத்து, 1714-இல் போரில் இறந்தார். ஆண்ட காலம் ஓராண்டுகூட நிறையவில்லை.

கதைப் பக்கத்தை யார் சொல்வது என்று கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது.

அவன் சொல்லத் தொடங்கினான். யாராலும் அடக்க முடியாத டில்லிக் குதிரையைத் தேசிங்கு அடக்கியதை, தன் திருமணத்தைப் பாதியில் விட்டுவிட்டு நண்பன் மகமத்துகான் போருக்கு ஓடிவந்ததை, இருவரும் வீழ்ந்ததை. இடையிடையே பாடினான். மேசையில் விரலால் தாளமும் போட்டான். பாடவேளை மணி அடித்தும் யாரும் எழவில்லை.

பிறகு ஒப்பிட்டோம். இரண்டு பக்கமும் ஒத்துப்போவது எது? கதை மட்டும் சொல்வது எது? வரலாற்றில் சில மாதமே ஆண்ட ஒருவரை மக்கள் ஏன் இத்தனை காலம் பாடுகிறார்கள்? ஒரு மாணவி சொன்னாள்: "ஜெயிச்சவங்களுக்குக் கோட்டை கிடைச்சிது டீச்சர். தோத்தவருக்குப் பாட்டு கிடைச்சிது." சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்தல் என்று பி.எட்.-இல் நான் படித்ததை என் வகுப்பில் அன்றுதான் பார்த்தேன்.

நான்காம் நாள்: வாத்தியார் வந்தார்

தாத்தாவை நானே வீட்டுக்குச் சென்று அழைத்தேன். "பள்ளிக்கூடத்துல நமக்கு என்ன வேலைம்மா?" என்றார். ஆனாலும் திங்கட்கிழமை வெள்ளை வேட்டியோடு, துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மூட்டையில் கிரீடம், புசக்கட்டை, மார்ப்பதக்கம். "தூக்கிப் பாருங்க" என்றார். பார்ப்பதற்குக் கனமாக இருந்தவை கைக்கு லேசாக இருந்தன. கல்யாண முருங்கைக் கட்டையில் செய்தவை. விடியவிடிய ஆட வேண்டுமே! எந்தப் பாத்திரத்துக்கு எந்த நிறம், திரைக்குப் பின்னால் பாடிவிட்டு ஏன் வெளியே வருகிறார்கள், அரசன் வரும்முன் கட்டியங்காரன் ஏன் வருகிறான் என்று விளக்கினார். "ராஜாவையே கேலி பண்ணலாம், அவனுக்கு மட்டும் அந்த உரிமை உண்டு" என்றபோது குழந்தைகளுக்குக் கட்டியங்காரனை மிகவும் பிடித்துவிட்டது.

பெண்குழந்தைகள் தாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். மரபில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். பெரியவர் சற்றுத் தயங்கினார். பிறகு, "இது பாடந்தானே, ஆடட்டும்" என்றார். அட்டை, வண்ணத்தாள், பசை கொண்டு கிரீடங்கள் தயாராயின.

ஐந்தாம் நாள்: தாழ்வாரத்தில் கூத்து

'வரி கேட்ட நவாபு' என்ற இருபது நிமிடக் கூத்து. பள்ளித் தாழ்வாரமே களம், இரண்டு பேர் பிடித்த போர்வையே திரை. பெற்றோர் தரையில் அமர்ந்து பார்த்தார்கள். தேசிங்காக ஒரு மாணவி, நவாபாக ஒருவன், குதிரையாக இருவர். கட்டியங்காரன் யார் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு முக்கியமானது அவன் ஆடியது அல்ல. கட்டியங்காரன் வசனத்தை அவனே எழுதிவந்தான். இரண்டு பக்கம். எழுத்துப்பிழைகள் நிறைய. ஆனால் அந்த ஆண்டில் அவன் தானாக எழுதிய முதல் இரண்டு பக்கங்கள் அவை. அரங்கேற்றத்துக்கு முன், "படிச்சா ஜனங்களுக்குப் புரியணும்ல டீச்சர்" என்று பிழைகளைத் திருத்தித் தரச் சொல்லி அவனே கேட்டான்.

அப்பாவின் கேள்வி

எல்லாம் முடிந்ததும் அவன் அப்பா தனியாக வந்து நின்றார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"நாங்கதான் ராத்தூக்கம் இல்லாம அல்லாடுறோம் டீச்சர். அவனாவது படிச்சு உத்தியோகத்துக்குப் போகட்டும்னுதான் இங்க அனுப்புறோம். நீங்களும் கூத்தே ஆடச் சொன்னா எப்படி?"

நான் மூன்று மாதமாக யோசித்ததில் இந்தக் கேள்வி இல்லை. அந்த ஒரு வாரத்தில் நான் கற்ற பெரிய பாடம் இதுதான். ஒரு கலையை நாம் வெளியிலிருந்து போற்றலாம். அதில் வயிறு வளர்ப்பவருக்கு அதன் கஷ்டமும் தெரியும்.

அவனுடைய இரண்டு பக்கத் தாளை அவரிடம் கொடுத்தேன். "கூத்தாடியாக ஆக்க இல்லைங்க. கூத்து வழியாகப் படிக்கவைக்கப் பார்க்கிறேன்" என்றேன். அவர் நெடுநேரம் படித்தார். "அடுத்த ஆடியில் பள்ளி இருக்கும் நாள்களில் இரவு அவனை அழைத்துப்போகாமல் இருக்க முடியுமா?" என்று கேட்டேன். "வெள்ளி, சனி மட்டும் கூட்டிப்போறேன்" என்றார். நான் பெற்ற உறுதி அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

நீங்களும் செய்யலாம்

குறைகளும் இருந்தன. இரண்டாம் நாள் ஒரு குழு வேலையை விரைவில் முடித்துவிட்டுச் சும்மா நின்றது. நான்காம் நாள் மத்தளச் சத்தம் பக்கத்து வகுப்பைப் பாதித்தது. அடுத்த முறை பக்கத்து வகுப்பையும் சேர்த்துக்கொள்வோம். அவன் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்கிறான். ஒரு வாரத்தில் எல்லாம் மாறிவிடாது. ஆனால் டிசம்பரில் அவன் ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை.

உங்கள் ஊரில் கோட்டை இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் ஏரி, ஒரு சந்தை, ஒரு தறி போதும். செய்ய விரும்புவோர் இந்த வரிசையை முயன்று பார்க்கலாம்:

1. முதல் நாள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். நாம் தேர்ந்தெடுத்த கலையைத் திணிக்க வேண்டாம்.
2. நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஓரிடத்தைக் குழுப்பணியோடு பாருங்கள்.
3. ஊரில் சொல்லும் கதையையும் நூலில் உள்ள வரலாற்றையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிடுங்கள். எதையும் பொய் என்று தள்ளாதீர்கள்.
4. கலைஞரை வீட்டுக்குச் சென்று மரியாதையோடு அழையுங்கள். அவருக்கு ஒருநாள் வருமானம் போகிறது என்பதை மறக்காதீர்கள்.
5. நிகழ்ச்சியில் குழந்தைகள் எழுதியது ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

வகுப்பில் தூங்கும் குழந்தையை எழுப்பும்முன், இரவு அவன் எங்கே இருந்தான் என்று கேளுங்கள். நான் அதைக் கேட்க மறந்தேன். அவன் காதோரத்து மஞ்சள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.