ஜான் மார்ஷல் (1755–1835): முக்கியக் குறிப்புகள்

நீதிப்புனராய்வு அமெரிக்காவிடமிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்துபோகிறோமே, அந்த வரிக்குப் பின்னால் நிற்பவர் இவர். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சிந்துவெளி நாகரிகத்தை 1924-ல் உலகுக்கு அறிவித்த தொல்லியல் துறைத் தலைவர் சர் ஜான் மார்ஷல் வேறு. மார்ஷல் திட்டத்துக்கு (1947) பெயர் தந்த ஜார்ஜ் மார்ஷல் வேறு. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி தர்குட் மார்ஷலும் (1967) வேறு.

போர் வீரர்

• பிறப்பு: 1755 செப்டம்பர் 24, வர்ஜீனியாவின் ஜெர்மன்டவுன். 15 பிள்ளைகளில் மூத்தவர். தந்தை தாமஸ் மார்ஷல் நில அளவையாளர், ஜார்ஜ் வாஷிங்டனின் நண்பர். தாய்வழியில் தாமஸ் ஜெஃபர்சன் தூரத்து உறவு. பின்னாளில் இருவரும் அரசியலில் பரம எதிரிகள்.

• 1775-ல் வர்ஜீனியாவின் கல்பெப்பர் தொண்டர் படையில் சேர்ந்தார். பிராண்டிவைன், ஜெர்மன்டவுன், மான்மத் போர்களில் பங்கேற்றார். போர் நடந்த ஜெர்மன்டவுன் பென்சில்வேனியாவில் உள்ளது. பிறந்த ஊர் அன்று.

• 1777–78 குளிர்காலத்தை வாஷிங்டனின் படையோடு வேலி ஃபோர்ஜ் பாசறையில் கழித்தார். உணவும் உடையும் இல்லாமல் வீரர்கள் வாடினார்கள். மாநிலங்களிடம் கையேந்தி நிற்கும் நடுவண் அரசால் ஒரு படையைக்கூடக் காப்பாற்ற முடியாது என்பதை அவர் அங்கே நேரில் கண்டார். பிற்காலத் தீர்ப்புகளில் நடுவண் அரசின் பக்கம் அவர் சாய்ந்ததற்கான வேர் இங்கேதான் இருக்கிறது.

வழக்கறிஞர், அரசியலாளர்

• 1780-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வைத்தின் சட்ட விரிவுரைகளைக் கேட்டார். முறையான சட்டப் படிப்பு அந்தச் சில வாரங்கள் மட்டுமே.

• 1788: அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவெடுத்த வர்ஜீனியா மாநாட்டில் ஆதரவாகப் பேசினார்.

• 1796: வேர் எதிர் ஹில்டன். உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய ஒரே வழக்கு, அதிலும் தோல்வி.

• 1797–98: எக்ஸ் ஒய் இசட் விவகாரம். பிரான்சுக்குத் தூது சென்ற மூவரில் ஒருவர் (மற்றவர்கள் பிங்க்னி, கெர்ரி). பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் டாலிராண்டின் ஆட்கள் கையூட்டுக் கேட்டார்கள், தூதர்கள் மறுத்தார்கள்.

• 1800-ல் வெளியுறவு அமைச்சர். 1801 பிப்ரவரி 4-ல் நான்காவது தலைமை நீதிபதி. நியமித்தவர் ஜான் ஆடம்ஸ். 1835 வரை 34 ஆண்டுகள் நீடித்தார். அமெரிக்கத் தலைமை நீதிபதிகளில் மிக நீண்ட காலம் பணியாற்றியவர் இவரே.

மார்பரி எதிர் மேடிசன் (1803)

ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தால் போதாது. கதையைத் தெரிந்துகொண்டால் மறக்காது. தேர்தலில் தோற்ற ஆடம்ஸ், பதவியின் கடைசி நாட்களில் தம் கட்சிக்காரர்களைப் பதவிகளில் அமர்த்தினார். வில்லியம் மார்பரியின் நியமன ஆணையும் கையெழுத்தாகி முத்திரை பெற்றது, ஆனால் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அனுப்பியிருக்க வேண்டிய வெளியுறவு அமைச்சர் யார்? மார்ஷலேதான்! இன்றாக இருந்தால் அந்த வழக்கை அவர் விசாரிக்கவே முடியாது.

புதிய குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனின் அரசு ஆணையைத் தர மறுத்தது. கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை கேட்டு மார்பரி நேரே உச்ச நீதிமன்றம் வந்தார். பேராணை பிறப்பித்தால் அரசு அதை மதிக்காது, நீதிமன்றத்தின் மானம் போகும். மறுத்தால் அஞ்சிவிட்டார்கள் என்பார்கள். மார்ஷல் எடுத்த வழி நுட்பமானது. மார்பரிக்கு உரிமை உண்டு, சட்டத்தில் அதற்குத் தீர்வும் உண்டு. ஆனால் இந்தப் பேராணையை நேரடியாகப் பிறப்பிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்துக்குத் தந்த 1789 நீதித்துறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது, ஆகவே செல்லாது என்றார். சின்ன அதிகாரத்தை விட்டுக்கொடுத்து, நாடாளுமன்றச் சட்டத்தையே செல்லாததாக்கும் பெரிய அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். மீறுவதற்கு ஆணையே இல்லாததால் ஜெஃபர்சனால் எதுவும் செய்ய இயலவில்லை. வழக்கில் தோற்றவர் மார்பரி என்பது பலர் தவறவிடும் விடை.

மார்ஷல் காலத்தில் செல்லாததாக்கப்பட்ட நடுவண் சட்டம் இது ஒன்றே. அடுத்தது 1857-ல், டிரெட் ஸ்காட் வழக்கில்.

பிற தீர்ப்புகள்

• ஃபிளெட்சர் எதிர் பெக் (1810): மாநிலச் சட்டம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானது என ரத்து.
• மெக்கல்லக் எதிர் மேரிலாந்து (1819): நடுவண் அரசுக்கு உட்கிடை அதிகாரங்கள் உண்டு, அதன் வங்கிக்கு மாநிலம் வரி போட முடியாது.
• கிப்பன்ஸ் எதிர் ஆக்டன் (1824): நீராவிப் படகு வழக்கு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் நடுவண் அரசின் கையில்.
• வூஸ்டர் எதிர் ஜார்ஜியா (1832): செரோக்கி மக்களின் நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது. தீர்ப்பு அவர்களைக் காக்கவில்லை. சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டார்கள்.

வாஷிங்டனின் வரலாற்றை ஐந்து தொகுதிகளாக எழுதியவரும் இவரே. உரிமை பற்றி இவ்வளவு எழுதியவர் வாழ்நாள் முழுக்க அடிமைகளை வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 1835 ஜூலை 6-ல் பிலடெல்பியாவில் இறந்தார், அடக்கம் ரிச்மண்டில்.

நம் பாடத்தோடு தொடர்பு

அமெரிக்க அரசியலமைப்பில் நீதிப்புனராய்வு வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. மார்ஷல் அதை விளக்கிப் பெற்றார். நம்மிடம் சட்டப்பிரிவு 13 நேரடியாகவே பேசுகிறது. (அங்கே 1789 சட்டத்தின் 13, இங்கே அரசியலமைப்பின் 13, எண் ஒற்றுமை தற்செயலே.) இந்த வேறுபாட்டை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எடுத்துக்காட்டியது சென்னை மாகாணம் எதிர் வி.ஜி. ராவ் (1952) வழக்கில். நீதிப்புனராய்வு அடிப்படைக் கட்டமைப்பின் பகுதி என உறுதிசெய்த வழக்கு எல். சந்திரகுமார் (1997).