நெட் இருக்கிறது, பெயர்தான் கிடைக்கவில்லை

“நெட் வரல சார்” என்று அலுவலகத்தில் எழும் புகார்களில் பல, நெட் சம்பந்தப்பட்டவையே அல்ல. கேபிள் சரியாக இருக்கும், ஸ்விட்ச்சில் பச்சை விளக்கு எரியும், வெளியே போகும் லைனும் உயிரோடு இருக்கும். பெயரைச் சொல்லி ஐபி முகவரி கேட்ட இடத்தில்தான் பதில் வந்திருக்காது, அல்லது தப்பான பதில் வந்திருக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கியபோது வெளியே தெரிந்த அறிகுறியும் இதுதான்: அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்களை யாராலும் எட்ட முடியவில்லை.

இங்கே பேசப்போவது அவ்வளவு பெரிய நெட்வொர்க்கைப் பற்றி அல்ல. ஐம்பது, நூறு கம்ப்யூட்டர்கள், ஒரு விண்டோஸ் டொமைன், டொமைன் கன்ட்ரோலரிலேயே ஓடும் டிஎன்எஸ், முன்னால் ஒரு ஃபயர்வால். நம் ஊர் நிறுவனங்களில் சகஜமாகக் காணப்படும் அமைப்பு. எதையும் மாற்றுவதற்கு முன், யார் பதில் சொன்னது, என்ன பதில் சொன்னது என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் பிரச்சினை போய்விடலாம். தடயமும் கூடவே போய்விடும்.

முதலில் எல்லையைக் கண்டுபிடியுங்கள்

ஒரு கம்ப்யூட்டரிலா, எல்லாவற்றிலுமா? ஒரே பெயரா, எல்லாப் பெயர்களுமா? உள்ளே இருக்கும் ஃபைல் சர்வர் திறக்கவில்லையா, வெளியே இருக்கும் வங்கித் தளமா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு மெஷினில் மட்டும் என்றால் அந்த மெஷினின் செட்டிங்கைப் பாருங்கள். வெளிப் பெயர்கள் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்றால் நேரே சர்வருக்குப் போகலாம்.

அடுத்து, கமாண்ட் பிராம்ப்டில் கூகுளின் 8.8.8.8-க்கு ஒரு பிங். பதில் வந்து, பெயர் கொடுத்தால் மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் டிஎன்எஸ் மேல்தான். சில ஃபயர்வால்கள் பிங்கையே தடுத்து வைத்திருக்கும். அதனால் பிங் வரவில்லை என்பதை மட்டும் வைத்து லைன் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

யாரிடம் கேட்கிறது?

ஐபிகான்ஃபிக் /ஆல் என்று அடித்து, டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரியைப் பாருங்கள். உங்கள் அலுவலகம் 10.10.5 வரிசையில் இருக்க, இந்த மெஷினில் மட்டும் 192.168.1.1 என்று இருந்தால் ஆளைப் பிடித்தாயிற்று. மீட்டிங் ரூமில் வைஃபை சரியாக எடுக்கவில்லை என்று யாரோ வீட்டு ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள்; அது டிஎச்சிபி வழியாகத் தன் முகவரியையே டிஎன்எஸ் என்று விநியோகித்துக்கொண்டிருக்கிறது. அதே வரிகளில் டிஎச்சிபி சர்வரின் முகவரியும் இருக்கும். அதன் மேக் முகவரியை ஸ்விட்ச்சின் மேக் டேபிளில் தேடினால் எந்த போர்ட் என்பதும் தெரிந்துவிடும். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் டிஎச்சிபியே கிடைக்கவில்லை. டிஎன்எஸ்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முதல் டிஎன்எஸ்ஸாக உள் சர்வர், இரண்டாவதாக “சேஃப்டிக்கு” 8.8.8.8 என்று போடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது. தலைவலியே அதனால்தான் வருகிறது. முதல் சர்வர் சற்றுத் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதிடம் கேட்கும். கூகுளுக்கு உங்கள் ஃபைல் சர்வரின் பெயர் எப்படித் தெரியும்? “அப்படி ஒரு பெயரே இல்லை” என்று அது சொல்லும். விண்டோஸ் அதை முடிவான பதிலாக எடுத்துக்கொள்ளும். முதல் சர்வரிடம் திரும்பிப் போய்ச் சரிபார்க்காது. காலையில் லாகின் ஆகிறது, மதியம் ஷேர் ஃபோல்டர் திறக்கவில்லை, சாயங்காலம் தானாகச் சரியாகிறது என்ற வகைப் புகார்களை நோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது முகவரிதான் நிற்கும். டொமைனில் சேர்ந்த மெஷின்களுக்கு உள் டிஎன்எஸ் சர்வர்களை மட்டும் கொடுங்கள். மாற்று வேண்டுமென்றால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் ஒன்றைப் போடுங்கள். கூகுளும் கிளவுட்ஃபிளேரும் இருக்க வேண்டிய இடம் சர்வரின் ஃபார்வர்டர் பட்டியல்.

பதிலைப் படியுங்கள்

இப்போது என்எஸ்லுக்அப். பெயரை மட்டும் கொடுத்து ஒரு முறை, பெயருக்குப் பின்னால் உள் சர்வரின் ஐபியையும் சேர்த்து ஒரு முறை, 8.8.8.8 சேர்த்து ஒரு முறை கேளுங்கள். மேலே “சர்வர்: அன்நோன்” என்று வந்தால் பதற வேண்டாம். அந்த சர்வரின் ஐபிக்கு ரிவர்ஸ் பதிவு போடவில்லை, அவ்வளவுதான். கீழே வரும் வரிதான் முக்கியம். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்துக் கேட்டால் டொமைன் சஃபிக்ஸ் தானாக ஒட்டிக்கொண்டு குழப்பாது.

“நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்” என்றால் சர்வர் நன்றாகவே இருக்கிறது, பெயர்தான் இல்லை. எழுத்துப்பிழையைப் பாருங்கள், பதிவு அழிந்ததா என்று பாருங்கள். “டைம்டு அவுட்” என்றால் கேள்வி போய்ச் சேரவில்லை அல்லது பதில் திரும்பவில்லை. ஃபயர்வால், ரூட்டிங், நின்றுபோன சர்வீஸ் என்று தேடுங்கள். “சர்வர் ஃபெயில்டு” வந்தால், உங்கள் சர்வர் கேள்வியை வாங்கிக்கொண்டது, ஆனால் அதற்கு மேலே இருப்பவரிடம் பதில் பெற முடியவில்லை. “கொயரி ரெஃப்யூஸ்டு” என்பது வேண்டுமென்றே மறுப்பது.

என்எஸ்லுக்அப் சரியாகச் சொல்கிறது, பிரவுசர் மட்டும் தப்பான இடத்துக்குப் போகிறது என்றால்? என்எஸ்லுக்அப், மெஷினின் கேஷையும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பார்ப்பதில்லை, பிங் பார்க்கும். இரண்டும் வேறு வேறு ஐபி காட்டினால் ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ் கொடுங்கள். அப்படியும் மாறாவிட்டால் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். பழைய வெண்டர் யாராவது சோதனைக்காக எழுதிவைத்த வரி அங்கே இருக்கலாம். பிங்கும் சரி, பிரவுசர்தான் கோளாறு என்றால் அதன் “செக்யூர் டிஎன்எஸ்” வசதியை அணைத்துப் பாருங்கள். அது உங்கள் சர்வரைத் தாண்டி நேராக வெளியே போய்க் கேட்கும். உள் பெயர்கள் அதற்குக் கிடைக்காது.

சர்வர் பக்கம்

டிஎன்எஸ் சர்வீஸ் ஓடுகிறதா, டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. அடுத்து ஃபார்வர்டர்கள். இன்டர்நெட் கம்பெனியை மாற்றிய நிறுவனங்களில் ஃபார்வர்டர் மட்டும் பழைய கம்பெனியின் டிஎன்எஸ்ஸாகவே நின்றுவிடும். தன் வாடிக்கையாளர் அல்லாதவருக்குப் பல கம்பெனிகளின் சர்வர்கள் பதில் தருவதில்லை. ஃபயர்வாலில் 53-ம் போர்ட்டை யுடிபிக்கு மட்டும் திறந்துவிட்டு டிசிபியை மறந்திருந்தால், சிறிய பதில்கள் வரும், பெரிய பதில்கள் வராது. சில தளங்கள் மட்டும் திறக்காமல் அடம்பிடிக்கும்போது இதைச் சந்தேகியுங்கள்.

லாகினே ஆகவில்லை என்றால் எஸ்ஆர்வி பதிவுகளைப் பாருங்கள். டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்று மெஷின்கள் தெரிந்துகொள்வது அவற்றை வைத்துத்தான். காணாமல் போயிருந்தால் நெட்லாகான் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவற்றை அது மறுபடி பதிந்துவிடும். டிசிடயாக் கட்டளையின் டிஎன்எஸ் சோதனையையும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள்.

“நம்ம வெப்சைட் வீட்ல ஓப்பன் ஆகுது, ஆபீஸ்ல ஆகல” என்ற புகாருக்குக் காரணம் அநேகமாக ஒன்றுதான்: உள் டொமைனுக்கும் வெப்சைட்டுக்கும் ஒரே பெயர். உள் சர்வர் அந்தப் பெயருக்குத் தானே அதிகாரி என்று நினைப்பதால் வெளியே கேட்காது. உள் ஸோனில் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று ஒரு ஏ பதிவு சேர்த்து, வெப்சைட்டின் வெளி ஐபியைக் கொடுங்கள். ஹோஸ்டிங் மாறினால் இங்கேயும் கையால் மாற்ற வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

சர்வர் இடமாற்றம் திட்டமிட்டிருந்தால் முந்தின நாளே டிடிஎல்லை 3600-லிருந்து 300-ஆகக் குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மாற்றிய பிறகும் ஒரு மணி நேரம் வரை சிலர் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கேஷைத்தான் குறை சொல்வீர்கள். அதுவோ நீங்கள் கொடுத்த உத்தரவைத்தான் நிறைவேற்றியிருக்கும்.

எல்லாம் சரியான பிறகு டிஎன்எஸ் சர்வர்களின் ஐபி, ஃபார்வர்டர்கள், டொமைன் பதிவு முடியும் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் அச்சிட்டு சர்வர் ரூம் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். ஃபைல் சர்வரில் மட்டும் சேமித்து வைத்தால், தேவைப்படும் நாளில் அதைத் திறக்கப் பெயர் கிடைக்காது.